உப்புக்காற்றுக் கரையில் சைக்கிள் தோல் சீட்: வாங்குவதும் பேணுவதும்

தோல் சீட் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் முக்கால்வாசி மழையைப் பற்றிய கவலைதான். மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ சைக்கிள் வைத்திருப்பவருக்கு மழை ஐப்பசி, கார்த்திகைத் தொல்லை. மிஞ்சிப்போனால் மார்கழி வரை. உப்புக்கு மாதக் கணக்கே கிடையாது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து கரையத் தொடங்கும். கடலுப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடு அந்த அளவுக்குக்கூடக் காத்திராது. 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். உப்புப் படிந்த சீட் ராத்திரி முழுக்க ஈரமாகவும் பகல் வெயிலில் வறண்டும் கிடப்பது இதனால்தான். தினமும் நனைந்து காயும் தோல் விறைக்கும், அதைப் பிடித்திருக்கும் ரிவிட்டும் கம்பியும் துருப்பிடிக்கும். கடற்கரையில் தோல் சீட் கெட்டுப்போனால் பெரும்பாலும் முதலில் போவது இரும்பு. தோல் பின்னால் போகிறது. பராமரிப்பையும் அந்த வரிசையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எது தோல் சீட்

ரெக்சின் சீட்டின் மேல் தோல் உறை மாட்டியதைத் தோல் சீட் என்று விற்பவர்கள் உண்டு. சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உண்மையான தோல் சீட்டில் அடியில் பஞ்சு, ரப்பர், பிளாஸ்டிக் தட்டு எதுவும் இருக்காது. சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே தோல், முன்னால் மூக்கிலும் பின்னால் வளைந்த பட்டையிலும் ரிவிட் அடித்து, நடுவில் எதன்மேலும் படாமல் தூளி போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். உட்காருபவரின் இடுப்பெலும்பு அழுத்தும் இரண்டு இடங்களில் நாளடைவில் குழி விழும். அந்தக் குழிதான் சுகம். சுமார் 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் அது தானே விழும். சீக்கிரம் பழக்குகிறேன் என்று தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெயில் முக்கி, சுத்தியலால் தட்டி வைப்பதெல்லாம் சீட்டின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

தோல் மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது பழைய தொழில்: ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய். திண்டுக்கல், திருச்சி வட்டாரத்துப் பட்டைத் தோலுக்கு ‘ஈ.ஐ. லெதர்’ (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் புவிசார் குறியீடும் உண்டு. செருப்பு, பர்ஸ் தைக்கும் குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்டது, மெத்தென்று இருக்கும், நனைந்தாலும் தாங்கும். ஆனால் இழுவையில் நிற்காது. குரோம் தோலில் சீட் போட்டால் சில மாதத்தில் தொய்ந்து, உட்காருபவர் கம்பியில் முட்டுவார். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: உள்ளே சாம்பல்நீலம் தெரிந்தால் குரோம், தவிட்டு நிறமோ வெளிர்மஞ்சளோ தெரிந்தால் பட்டைத் தோல். வெளியே என்ன சாயம் அடித்திருந்தாலும் இந்தச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கும்போது

புதிதாக வாங்குபவர்களுக்குத் தெரிந்த பெயர் புரூக்ஸ். 1866-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. அதில் பி17 என்பது ஸ்பிரிங் இல்லாதது, அகலம் சுமார் 17 செ.மீ.; கைப்பிடி தாழ்ந்திருந்து முன்னால் குனிந்து மிதிப்பவருக்கு. பி67 பின்னால் இரட்டைச் சுருள் ஸ்பிரிங் வைத்தது, அகலம் சுமார் 21 செ.மீ.; நிமிர்ந்து உட்காரும் ரோட்ஸ்டர் வண்டிக்கு இதுதான் பொருத்தம். குனிந்து ஓட்டும் சீட்டை ரோட்ஸ்டரில் மாட்டிவிட்டு வலிக்கிறது என்று தோலைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பி66 என்ற மாடலும் உண்டு, பி67-க்கு அண்ணன். அதில் பக்கத்துக்கு இரண்டு கம்பி என்பதால் பழைய மாதிரி கிளாம்ப்தான் பிடிக்கும். சீட் பில்லரின் மேல்முனை 22 மி.மீ. வெறும் குழாயாக இருக்கும் வண்டிக்கு அது சரி. புதுமாதிரி கியர் வண்டிகளின் பில்லரில் அது உட்காராது.

நிறம் கேட்டால் தேன் நிறமோ பழுப்போ எடுங்கள். தை மாத வெயிலிலேயே கறுப்புத் தோல் கை வைக்க முடியாமல் சுடும். சித்திரையைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ரோட்ஸ்டர் சீட் கிடைத்தால் பார்க்க வேண்டியவை: மூக்குப் பக்க ரிவிட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கிறதா? இருந்தால் துரு தோலுக்குள் இறங்கிவிட்டது. தோலின் பதனச்சாறும் இரும்பும் கலந்தால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வினைதான். கறை மட்டும் என்றால் கவலையில்லை. அந்த வளையத்தில் நகத்தால் சுரண்டும்போது தோல் பொடியாக உதிர்ந்தால், ரிவிட் தலை ஒருநாள் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். அடுத்து, பக்கவாட்டுத் தோலைக் கையால் லேசாக வளையுங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மெழுகு போட்டு ஓட்டலாம். வெடிப்பு அடிப்பக்கம் வரை போயிருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவதாக, மூக்குக்குள் இருந்து தோலை இறுக்கும் டென்ஷன் போல்ட்டின் நட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துருவில் இறுகி அசையாமல் நின்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

மெழுகு, எண்ணெய், கொழுப்பு

இந்தப் பக்கத்தில் அதிகமாக நடக்கும் தவறு தேங்காயெண்ணெய். தோல் வறண்டிருக்கிறது என்று இரண்டு கரண்டி ஊற்றித் தேய்ப்பார்கள், பளபளவென்று ஆகும், இரண்டு மாதத்தில் தூளி தொங்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரியில் உருகிவிடும் பொருள். ராமநாதபுரத்தில் அது உறைந்து நிற்கும் நாள் அபூர்வம். தோலுக்குள் திரவமாகவே ஓடி நார்களை வழுக்கவிடும். கடலையெண்ணெய், நல்லெண்ணெய்க்கும் இதே கதைதான். கூடவே சிக்கு நாற்றம் வேறு. வாகனத்தில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஸ்பிரிங்குக்குப் பூசும் பழக்கம் படகுக்காரர்களிடமிருந்து வந்தது. ஸ்பிரிங்குக்கு நல்லதுதான், மேலே இருக்கும் தோலில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும்.

தோலுக்கு வேண்டியது அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும் பூச்சு. கம்பெனி டப்பா கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் வீட்டில் செய்யலாம்: தேன்மெழுகு 20 கிராம், உருக்கி வடித்த ஆட்டுக்கொழுப்பு 20 கிராம். குளிர்நாட்டுக் கலவைகளில் கொழுப்பு தூக்கலாக இருக்கும். நம் வெயிலுக்குச் சரிக்குச் சரி வைத்தால்தான் சீட்டில் வழியாமல் நிற்கும். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மெழுகில் பாரஃபின் கலப்படம் சகஜம். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பிசையுங்கள்: தேன்மெழுகு இளகி உருளும், பாரஃபின் செதிலாக உதிரும்.

கொழுப்பைத் தயார் செய்வதில்தான் பொறுமை தேவை. கறிக்கடையில் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைக் கேட்டு வாங்கி, சதை ஒட்டியதை நறுக்கி நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரோடு சிறுதீயில் உருக்குங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால் கொழுப்பு மேலே தகடாக உறையும். எடுத்து அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிட்டு, இன்னொரு முறை அதே மாதிரி செய்யுங்கள். ஒரே முறையோடு நிறுத்தினால் மூன்றாம் வாரம் சீட் நாறும். நாய் வந்து கடிக்கும். அப்புறம் மெழுகையும் கொழுப்பையும் ஒரு டப்பாவில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் அந்த டப்பாவை வைத்து உருக்கிக் கலக்க வேண்டும். நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். உப்பு ஒரு கல்கூடச் சேரக் கூடாது.

பூசும் அளவு ஒரு தடவைக்கு அரை டீஸ்பூன், அவ்வளவுதான். புதுச் சீட்டுக்கு மேலும் கீழும் பூச வேண்டும். விரலால் எடுத்து, சூடு ஏறும்வரை தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, காலையில் காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை மேல்பக்கம்; பிறகு வருடத்துக்கு நான்கு முறை போதும். அடிப்பக்கம் வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால். துடைக்காமல் விட்ட மெழுகு மணலைப் பிடித்து வைக்கும். மணல் தோலையும் அரைக்கும், வேட்டியையும் அரைக்கும். வெள்ளை வேட்டிக்காரர்கள் புதுச் சீட்டில் முதல் சில வாரம் ஒரு துண்டைப் போட்டு உட்காருவது நல்லது. சாயம் கொஞ்சம் விடத்தான் செய்யும்.

உப்பைத் துடைப்பது

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் சாலையில் இரண்டு பக்கமும் கடல். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தாலே கைப்பிடியில் பிசுபிசுப்பு ஏறும். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய் வந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி ஓட்டிய நாளிலேயே துடைக்க வேண்டும், மறுநாள் அல்ல.

எந்தத் தண்ணீரில் துடைக்கிறீர்கள் என்பது முக்கியம். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் துணி நனைத்துத் துடைத்தால் உப்பை எடுப்பதற்குப் பதில் உப்பைப் பூசுகிறோம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள். துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, தோலின் மேற்பக்கத்தை ஒரு தடவை துடைத்து, துணியை அலசி மறுபடி ஒரு தடவை. அடிப்பக்கத்துத் தோலை ஈரத் துணியால் தொட வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டினால் போதும். கம்பி, ஸ்பிரிங், ரிவிட் தலை, கிளாம்ப் பல் எல்லாவற்றையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள். சோப்பு வேண்டாம். ஹோஸ் பைப்பைச் சீட் பக்கம் திருப்பவே வேண்டாம்.

கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் இதே மெழுகுக் கலவையை மெல்லிசாகப் பூசலாம், அல்லது கெட்டி கிரீஸ். ஸ்பிரிங் சுருளுக்குள் கிரீஸ் இறங்க, சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, தோல்மேல் பாலித்தீன் சுற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் உப்பரிப்பைச் சமாளிப்பது ஓயாத வேலையாக இருந்தது. 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில்தான் நம் குரோம் பூச்சுக் கம்பியும் நிற்கிறது. குரோமில் புள்ளித் துரு தெரிந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போகும். மேல்பூச்சே உரிந்துவிட்டால் உப்புத்தாள் போட்டு, துருவடக்கி பூசி, கறுப்பு எனாமல் அடிப்பதே மரியாதை.

நனைந்துவிட்டால்

நனைந்த தோல் சீட்டில் உட்காரக் கூடாது. ஈரத்தில் தோல் நீளும். 70 கிலோ ஆள் ஏறி பத்து கிலோமீட்டர் ஓட்டினால் நீண்டது நீண்டதுதான். வழியில் மாட்டிக்கொண்டு ஓட்டியே ஆக வேண்டுமென்றால் சீட்டில் உட்காராமல் எழுந்து நின்று மிதியுங்கள், அல்லது தள்ளிக்கொண்டு வாருங்கள். பைக்குள் ஒரு பாலித்தீன் கவர் எப்போதும் கிடக்கட்டும். ஆனால் அந்தக் கவரை மழைக்கு மட்டும் மாட்டுங்கள். வீட்டில் நிறுத்தும்போது மாட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பலர் கவனிக்காதது பின்சக்கரம். மேலே கவர் போட்டுவிட்டுக் கீழே மட்கார்டு இல்லாமல் ஓட்டினால், சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத்தண்ணீர் முழுக்க மெழுகு குறைந்த அடிப்பக்கத்தில் ஏறும். மட்கார்டு இல்லாத வண்டிக்கு, பழைய ஃபிளெக்ஸ் பேனரில் ஒரு முழ நீளம் வெட்டி, சீட் கம்பிகளுக்கு அடியில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில், இரண்டு நாள். வெயிலில் வைத்தால் ஈரத்தோல் சுருங்கி விளிம்பு சுருளும். ஹேர் டிரையர், அடுப்பங்கரையும் அப்படித்தான். பாதி காய்ந்திருக்கும்போது பக்கவாட்டைக் கையால் அமுக்கி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பருத்தித் துணிக் கச்சையால் சுற்றி வைத்தால் விரியாது. முழுக்கக் காய்ந்த பிறகுதான் மெழுகு. பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் வெளியே கொண்டுபோய்க் காய்ந்த துணியால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் ஆறவிட்டு மெழுகு போடுங்கள்.

டென்ஷன் போல்ட்

சீட்டின் மூக்குக்குள் ஒரு நீள போல்ட்டும் நட்டும் இருக்கும். நட்டைத் திருப்பினால் மூக்கு முன்னால் தள்ளப்பட்டு தோல் இறுகும். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பும்போது மூக்கு முன்னால் நகர்கிறதோ அதுதான் இறுக்கும் பக்கம். சாதாரண ஸ்பேனர் தலை இடுக்கில் நுழையாது. தட்டையான ஸ்பேனர் வாங்குங்கள், அல்லது மலிவான ஒன்றை அரைத்து மெலியச் செய்யுங்கள்.

புதுச் சீட்டில் ஒரு வருடம் இதை இறுக்காதீர்கள். அப்புறமும், நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் தோல் முன்பைவிட அதிகமாக இறங்குகிறது, உட்கார்ந்தால் பக்கங்கள் வெளியே விரிகின்றன என்றால் மட்டும் கால் சுற்று. நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக இரண்டு சுற்று திருப்பினால் நடுவில் முதுகெலும்பு மாதிரி மேடு எழும், மூக்கு ரிவிட் ஓட்டைகள் கிழியும். இந்தக் கரையில் போல்ட்டுக்கு வரும் பெரிய வியாதி தொய்வு அல்ல, இறுகிப்போவது. ஆகவே இறுக்கத் தேவையே இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரியில் கிரீஸ் வைத்து, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே ஆட்டி விடுங்கள்.

போல்ட்டின் புரி முடிந்தும் தொய்வு இருந்தால் பக்கங்களைச் சேர்த்துக் கட்டலாம். ஒவ்வொரு பக்கத்திலும் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி, 3 மி.மீ. பஞ்ச்சால் நான்கு ஓட்டை. சூடு வைத்த ஆணியால் ஓட்டை போடாதீர்கள். கருகிய விளிம்பு கிழியும். கட்டுவதற்கு நம் கடற்கரையில் பஞ்சமே இல்லை: வலைக்கடையில் 2 மி.மீ. முறுக்கு நைலான் கயிறு இரண்டு மீட்டர் வாங்குங்கள். தங்கூஸ் வேண்டாம், ஒற்றை இழை தோலை அறுக்கும். கம்பிகளுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் செருப்பு நாடா கோப்பதுபோல் கோத்து, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்வரை மட்டும் இறுக்கி முடிச்சுப் போட்டு, முனையைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள்.

தோல் மாற்றுவது

பிரேம் நன்றாக இருந்து தோல் மட்டும் போயிருந்தால் மாற்றலாம். பிரேமே துருவில் மெலிந்திருந்தால் அதற்குப் புதுத் தோல் போடுவது வீண். ரிவிட் தலைகளை அரத்தாலோ டிரில்லாலோ எடுத்து, பழைய தோலை ஊறவைத்து விரித்தால் அதுவே அளவுப் படம். மாட்டின் முதுகுப் பகுதியில் எடுத்த 5 மி.மீ. பட்டைத் தோல், 35-க்கு 30 செ.மீ. துண்டு போதும், வயிற்றுப் பகுதித் தோல் நீளும், வேண்டாம். முதுகெலும்பின் கோடு சீட்டின் நீளவாக்கில் வர வேண்டும்.

வெட்டிய தோலை நல்ல தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றதும், அரை மணிக்குள், எடுத்துவிடலாம். டென்ஷன் போல்ட்டை முழுக்கத் தளர்த்தி வைத்து, தோலைப் பிரேமில் போர்த்தி, கையால் அழுத்தி, துணிக்கச்சை சுற்றி மூன்று நாள் நிழலில் விடுங்கள். காய்ந்தபின் பின்பக்க ஓட்டைகளை முதலில் குறித்துக் குத்தி ரிவிட் அடியுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு. அப்புறம் தோலை முன்னால் வலுவாக இழுத்துப் பிடித்து மூக்கு ஓட்டைகள். ஆள் ஒருவர் இழுக்க, ஒருவர் குறிக்க வேண்டிய வேலை. செருப்புக் கடைக்காரரிடம் கொடுத்தால் ரிவிட் அடிக்கும் அடைகல் அவரிடமே இருக்கும். ரிவிட் செம்பாக இருக்கட்டும், தலைக்குக் கீழே ஒரு செம்பு வாஷர். இரும்பு ரிவிட் அடித்தால் அடுத்த வருடமே கறுப்பு வளையம். எல்லாம் அடித்த பிறகு போல்ட்டைத் தோல் விறைக்கும்வரை மட்டும் இறுக்கி, மேலும் கீழும் மெழுகு பூசி, ஒரு வாரம் விட்டு ஓட்டத் தொடங்குங்கள். புதுத் தோல் முதல் 200 கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும். அதற்குமட்டும் அரைச் சுற்று வரை போகலாம்.